அப்டேட்: பெரியம்மா ஐசி விஷயம்

போன மாசம் போட்டேன்ல, பெரியம்மாவுக்கு 70 தாண்டிருச்சு, சிங்கப்பூர்ல கையில நீல ஐசிதான் (பிஆர், அதாவது நிரந்தரவாசிங்களோட அடையாள அட்டை), எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லன்னு, அதோட தொடர்ச்சி இது.

முதல்ல, 'அந்தக் காலத்து ஆளு, சிங்கப்பூர் தனி நாடான 1965க்கு முன்னாடியே இங்க இருந்தா தானா சிட்டிசன் ஆகியிருப்பாங்களே'ன்னு நிறைய பேர் கேட்டீங்க. அப்படி இல்லங்க. 1957 குடியுரிமைச் சட்டத்துல இங்க பொறந்தவங்களுக்குத்தான் அது தானா வந்துச்சு, வெளியில பொறந்தவங்க தாங்களே போய்ப் பதியணும். இவங்க பொறந்தது ஜொகூர்ல ஒரு எஸ்டேட்ல. தாத்தாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது, போகவே இல்ல.

இப்ப நல்ல சேதி, மலேசியாவுல இருந்து பொறப்புப் பத்திரத்தோட நகல் கிடைச்சிருச்சு! ஆனா அதுல 'லெச்சுமி'ன்னு இருக்கு, ஐசில 'லட்சுமி', ரெண்டும் ஒரே ஆள்தான்னு சத்தியப் பிரமாணம் எழுதி கையெழுத்து வாங்கிட்டு குடியுரிமைக்காக ஐசிஏ (குடிநுழைவு ஆணையம்) ஆபீசுக்கு ஓடி பிஆர் பேப்பரையும் சேர்த்துக் கொடுத்திருக்கோம், கவுண்டர்ல இருந்த தம்பி பொறுமையா 'பாட்டி, உக்காருங்க'ன்னாரு, பெரியம்மா அதையே வீடு வர்ற வரைக்கும் சொல்லிட்டு வந்தாங்க.

பாஸ்போர்ட் இல்லாம எப்படிப் பயணம்னு கேட்டவங்களுக்கு: நாடில்லாத பிஆர்களுக்கு பாஸ்போர்ட்டுக்குப் பதிலா அடையாளச் சான்றுப் புத்தகம் ஒண்ணு தர்றாங்க, ஆனா போற நாட்டு விசாவுக்குத்தான் இழுபறி. பெரியம்மா தன்னோட தங்கச்சி சாவுக்கு மதுரை போக முடியாம போனது அதனாலதான்.

முடிவு இன்னும் வரல, வந்ததும் இங்கயே போடுறேன்.