பெரம்பூர் வீட்டுக் குழு: தாத்தாவின் ஆம்ப் (ஆம்ப்ளிஃபையர்)

ஜெஃப்ரி: சனிக்கிழமை ஷீலா அக்கா ரிசப்ஷனில் தாத்தாவின் ஆம்பில்தான் கிட்டார் வாசிக்கப் போகிறேன். பரணிலிருந்து இறக்கிவிட்டேன். ஆன் பண்ணிப் பார்க்கட்டுமா?

செல்வம் மாமா: டேய், கை வைக்காதே. ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா?

ஜெஃப்ரி: இல்லை மாமா. லைட் எரிகிறதா என்று பார்க்கத்தான்.

செல்வம் மாமா: பிளக்கைப் பிடுங்கு முதலில். கண்ணாடி வால்வு போட்ட ஆம்பை ஸ்பீக்கர் இல்லாமல் ஓட்டவே கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் வோல்டேஜ் எகிறி உள்ளே காயில் கருகிவிடும். அது அப்பா கையால் சுற்றியது. வராந்தாவில் 3 ராத்திரி. அவர் சுற்றச் சுற்ற நான் பக்கத்தில் உட்கார்ந்து எண்ணினேன். அது போனால் எந்தக் கடையிலும் கிடைக்காது.

ராணி அத்தை: மட்டன் எத்தனை கிலோ என்று யாராவது சொல்லுங்கள். பிரியாணி பாய் 2 தடவை போன் பண்ணிவிட்டார்.

மேரி பெரியம்மா: 🙏🙏

பிரபு: பிடுங்கினானா?

ஜெஃப்ரி: பிடுங்கிவிட்டேன் அண்ணா.

செல்வம் மாமா: பிடுங்கினாலும் உள்ளே கை விடாதே. கெப்பாசிட்டரில் 400 வோல்ட் தங்கியிருக்கும். பெரிய வால்வு இரண்டிலும் கண்ணாடிக்குள் வெள்ளிப் பூச்சு தெரிகிறதா?

ஜெஃப்ரி: ஒன்றில் பளபளவென்று இருக்கிறது. இன்னொன்றில் பால் ஊற்றியது போல வெள்ளை.

செல்வம் மாமா: வெள்ளையானதில் காற்று புகுந்துவிட்டது. அது செத்தது. ஒன்றை மட்டும் மாற்றாதே. இஎல்34 வால்வு ஜோடியாக வாங்கு, இரண்டும் ஒரே அளவு கரண்ட் இழுக்கும்படி பொருத்தின ஜோடி.

பிரபு: ரிச்சி ஸ்ட்ரீட்டில் 6எல்6 வால்வு இருக்கிறதாம். அதுவும் எட்டுக் கால்தான் என்கிறார்கள்.

செல்வம் மாமா: கால் பொருந்தும், பயாஸ் பொருந்தாது, அதாவது வாசிக்காமல் இருக்கும்போது வால்வில் ஓட வேண்டிய கரண்ட் அளவு. இஎல்34தான். சின்ன வால்வு ஈசிசி83. டப்பாவில் 12ஏஎக்ஸ்7 என்று போட்டிருந்தாலும் அதேதான். அவற்றைத் தொடாதே, சுலபத்தில் போகாது. ஸ்பீக்கர் பெட்டி எங்கே?

லில்லி சித்தி: அரக்கோணத்தில், எங்கள் வீட்டில். பங்கு பிரித்தபோது வந்தது.

ராணி அத்தை: யார் பிரித்தார்கள்? தூக்கிக்கொண்டு போனீர்கள்.

லில்லி சித்தி: பெரிய அண்ணன்தான் கொடுத்தார். அவரே இல்லாதபோது யாரைக் கேட்பது?

மேரி பெரியம்மா: கல்யாண வீட்டில் இது எதற்கு.

செல்வம் மாமா: லில்லி, உள்ளே ஸ்பீக்கர் இருக்கிறதா?

லில்லி சித்தி: இரண்டையும் கோயிலுக்குக் கொடுத்தாயிற்று. மேலே அரிசி மூட்டை இருக்கிறது. பின்பலகையைக் கழற்றி அலமாரித் தட்டு போட்டார் இவர்.

ஜெஃப்ரி: 25 வாட்ஸ் 12 இஞ்ச் ஸ்பீக்கர் இரண்டு மலிவாக வருகிறது மாமா. ஆம்ப் 50 வாட்ஸ். கணக்கு சரிதானே?

செல்வம் மாமா: காகிதத்தில் சரி. 50 என்பது சுத்தமான சத்தத்துக்கான கணக்கு. நீ முழுசாகத் திருகினால் அதைத் தாண்டிப் போகும், ஸ்பீக்கரின் காகிதக் கோன் கிழியும். ஒவ்வொன்றும் 60 வாட்ஸ் வாங்கு. இரண்டும் 16 ஓம்ஸ். பேரலலாக இணைத்தால் 8. ஆம்பில் 8 ஓம்ஸ் துளையில் மாட்டு. கிட்டார் ஒயரைப் போடாதே, ஸ்பீக்கர் ஒயர்.

பிரபு: மண்டபம் பெரிசு. 100 வாட்ஸ் ஆம்ப் வாடகைக்கு எடுத்தால்?

செல்வம் மாமா: வாட்ஸை இரட்டித்தால் 3 டெசிபல்தான் கூடும். அதை ஸ்பீக்கரிலேயே எடுக்கலாம். செலஸ்டியன் கம்பெனியின் கிரீன்பேக் ஸ்பீக்கர் 98 டெசிபல், அவர்களுடைய வின்டேஜ் 30 அதே வாட்ஸில் 100. வின்டேஜ் 30 எடு. பின்பலகை கட்டாயம் வேண்டும். திறந்த பெட்டியில் பின்னால் போகிற சத்தம் முன்னால் வருகிற கனத்த அடிச்சத்தத்தை (பேஸை) தின்றுவிடும். 1965-இல் தி ஹூ பேண்டின் கிட்டாரிஸ்ட் பீட் டவுன்ஷெண்டுக்காக, ஆம்ப் செய்த ஜிம் மார்ஷல் 8 ஸ்பீக்கரை ஒரே பெட்டியில் போட்டார், தூக்க ஆள் இல்லாமல் அதை இரண்டாக்கினார்கள். நமக்கு இரண்டு ஸ்பீக்கர் போதும்.

ஷீலா: மாமா, பாட்டு காதைக் கிழிக்காது இல்லையா? அவர் பாட்டிக்கு 80 வயது.

ஜெஃப்ரி: பாட்டியைப் பின் வரிசையில் உட்கார வையுங்கள் அக்கா.

ராணி அத்தை: முதல் வரிசையில்தான். சம்பந்தி வீடு.

செல்வம் மாமா: பெட்டியைப் பக்கவாட்டில் திருப்பி வைக்கலாம். லில்லி, பெட்டியும் பலகையும் வியாழனுக்குள் வர வேண்டும்.

லில்லி சித்தி: டாடா ஏஸுக்கு யார் கொடுப்பது? ரிசப்ஷன் முடிந்து திரும்ப வருமா?

பிரபு: 👀

ராணி அத்தை: பெரிய அண்ணன் வீட்டில் இருக்க வேண்டியது.

செல்வம் மாமா: அதை அப்புறம் பேசலாம். ஜெஃப்ரி, வெள்ளிக்கிழமை மீட்டரோடு வருகிறேன், பயாஸ் நான் வைக்கிறேன். அதுவரை ஆன் பண்ணாதே.

ஜெஃப்ரி: சரி மாமா.

லில்லி சித்தி: அலமாரியைக் கழற்ற இவர் வர வேண்டும். கேட்டுச் சொல்கிறேன்.

ராணி அத்தை: மட்டன் கிலோ???