மறு: கியூரிங் – ஒரே சொல் போதுமா?

அனைவருக்கும் வணக்கம். பூசிய கலவை வலுப்பெறுவதையும், அதற்காக நாம் அதை ஈரமாக வைத்துப் பராமரிப்பதையும் ஆங்கிலத்தில் கியூரிங் (curing) என்கிறார்கள். நம் சுவர்ப் பழுதுபார்ப்புக் கையேட்டில் அதற்கு என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> நீராற்றுதல் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறதே, புதிதாக எதற்கு இன்னொன்று?

நியாயமான கேள்விதான். கான்கிரீட் தளத்தைப் பற்றி மட்டும் எழுதுவதாக இருந்தால் நானும் அதையே போட்டுவிட்டு நகர்ந்திருப்பேன். நம் கையேடு வீட்டுச் சுவரைத் தானே பழுதுபார்க்க நினைப்பவருக்கானது. அதில் சிமெண்ட் பூச்சு, சுண்ணாம்புப் பூச்சு, ஜிப்சம், பாலிமர் (பிளாஸ்டிக் வகைப் பொருள்) கலந்த ஒட்டுக்கலவை, அதாவது பழுதான இடத்தில் ஒட்டுப்போடும் கலவை, விரிசலுக்குள் செலுத்தும் எபாக்சி என்ற பிசின் எல்லாமே வருகின்றன. ஆங்கிலத்தில் இவை அத்தனைக்கும் கியூரிங் என்றே எழுதிவிடுகிறார்கள். ஆனால் ஒவ்வொன்றுக்குள்ளும் நடப்பது வேறு.

சிமெண்ட் காய்ந்து கெட்டியாவதில்லை. தண்ணீரோடு வேதிவினை புரிந்து கெட்டியாகிறது. உள்துளைகளின் ஒப்பு ஈரப்பதம் 80 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால் அந்த வினை கிட்டத்தட்ட நின்றுவிடும். கனமான தளத்தில் உள்ளே ஈரம் தங்கும். 3 மி.மீ. ஒட்டுப்பூச்சில் எங்கே தங்கும்? வெயிலும் காற்றும் பட்டால் அன்றைக்கே வெளுத்து, விரலால் தேய்த்தால் மாவாக உதிரும்.

சுண்ணாம்பு வேறு ரகம். காற்றிலுள்ள கரியமில வாயுவை இழுத்து, மேலிருந்து உள்நோக்கி, வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் மெல்லக் கல்லாக மாறுகிறது. அதற்கும் கொஞ்சம் ஈரம் வேண்டும். ஆனால் சொதசொதவென்று நனைத்தே வைத்திருந்தால் துளைகள் நீரால் அடைபட்டு வாயு உள்ளே போகாது. ஜிப்சம் பெரும்பாலும் அரை மணிக்குள் இறுகிவிடும். அப்புறம் அதற்குத் தேவை உலர்வதுதான், நனைந்திருக்கும்வரை வலு பாதியளவுதான் இருக்கும். பாலிமர் கலவையில் நீர் வெளியேறினால்தான் பாலிமர் படலம் உருவாகும் என்பதால், தண்ணீர் தெளிக்க வேண்டாம் என்று சில பைகளிலேயே அச்சிட்டிருப்பார்கள். எபாக்சிக்கும் தண்ணீருக்கும் சம்பந்தமே இல்லை.

இந்த நிலையில் ஜிப்சம் பகுதியில் ‘24 மணி நேரம் நீராற்றவும்’ என்று நாம் எழுதினால், படிப்பவர் வாளியோடு வந்து நிற்பார். தப்பு அவருடையது இல்லை.

> ‘காயவிடவும்’ என்றால் யாருக்கும் புரியுமே?

புரியும், அதுதான் ஆபத்து. பேச்சில் எல்லாவற்றையும் ‘காயட்டும்’ என்கிறோம். சிமெண்ட் ஒட்டுப் போட்டவர் அதை நம்பி மின்விசிறியைத் திருப்பி வைப்பார். காய்தல், உலர்தல் இரண்டையும் நீர் வெளியேறுவதற்கு மட்டும் வைத்துக்கொள்வோம். கையேட்டில் உலர்தல் என்றே ஒரே சீராக எழுதலாம்.

சிக்கல் எங்கே என்றால், கியூரிங் என்பது பொருள் தானாக அடையும் மாற்றத்தையும் குறிக்கிறது, அதற்காக நாம் செய்யும் பராமரிப்பையும் குறிக்கிறது. தமிழில் தன்வினை, பிறவினை என்று பிரித்தே பழகியவர்கள் நாம்; இங்கே மட்டும் ஏன் ஒரே மூட்டையில் கட்ட வேண்டும்? இரண்டு சொல் வைப்போம்.

தானாக நடப்பதற்கு ‘முதிர்தல்’ என்று முதலில் நான்தான் முன்வைத்தேன். கான்கிரீட்டில் வெப்பத்தையும் காலத்தையும் சேர்த்து வலுவைக் கணிக்கும் முறைக்கு முதிர்வு என்ற சொல் தேவைப்படும் என்று ஒரு நண்பர் சுட்டிக்காட்டினார். சரி, அதை விட்டுவிடுவோம். ‘உரமேறல்’ அழகு, ஆனால் இன்று உரம் என்றால் வயல்தான் நினைவுக்கு வரும். (‘வைரம் பாய்தல்’ கிடைத்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும், மரக்காரர்கள் விட்டுத்தர மாட்டார்கள்.) என் பரிந்துரை: வலுவேறல். சிமெண்ட், சுண்ணாம்பு, எபாக்சி மூன்றுக்கும் பொருந்தும். 28 நாள் என்பது வலுவைச் சோதிக்கும் வழக்கமான நாள், அதற்குப் பின்னும் வலுவேறல் தொடரும் என்று குழப்பமில்லாமல் எழுதவும் வசதி.

நாம் செய்வதற்கு: ஈரங்காத்தல், பெயர்ச்சொல்லாக ஈரங்காப்பு. நீராற்றுதலைவிட இதை நான் விரும்பக் காரணம், நீர் ஊற்றுவது வழிகளில் ஒன்றுதானே. பிளாஸ்டிக் தாளால் மூடுவதும், ஈரச்சாக்கைத் தொங்கவிடுவதும், மேலே ஒரு படலம் தெளித்து உள்ளே இருக்கும் நீரைச் சிறைபிடிப்பதும் அதே வேலைதான். ஈரங்காப்புத் தாள், ஈரங்காப்புப் படலம் என்று கூட்டுச்சொற்களும் எளிதாக வருகின்றன. போதாக்குறைக்கு, ‘நீராற்றல்’ என்று பெயர்ச்சொல் ஆக்கினால் அணை மின்சாரம் வந்து நிற்கிறது.

‘தண்ணி காட்டுறது’ என்ற கொத்தனார் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம் என்றும் ஒருவர் எழுதியிருந்தார். பேச்சில் எனக்கும் பிடித்த சொல். எழுத்தில் போட்டால் யாரையோ ஏமாற்றிவிட்டு ஓடுவது போல ஆகிவிடும்.

கலவை குழைவு போய் முதலில் கெட்டிப்படுவதை, அதாவது ‘செட்டாவது’ என்பதற்கு, இறுகல். இதில் யாருக்கும் சண்டை இல்லை என்று நினைக்கிறேன்.

சொற்கள் நிற்கின்றனவா என்று பார்க்க, மூன்றடுக்குச் சிமெண்ட் பூச்சின் பழுதுபார்ப்புப் பத்தியை எழுதிப் பார்த்தேன்:

“சுத்தியல் காம்பால் தட்டி, பொத்தென்று ஒலிக்கும் பூச்சு முழுவதையும் பெயர்த்தெடுக்கவும். தூசியைத் துலக்கிவிட்டுப் பழைய பரப்பை நனைக்கவும். இல்லையென்றால் அது புதுக்கலவையின் நீரை உறிஞ்சிவிடும். மேலே மினுங்கும் நீர் அடங்கியதும் முதல் பூச்சை 10 மி.மீ. கனத்தில் அப்பவும். இறுகத் தொடங்கும்போது கிடைமட்டமாகக் கீறிவிடவும், அடுத்த பூச்சுக்குப் பிடிப்பு அதுதான். இரண்டு நாள் ஈரங்காக்கவும். பிறகு இரண்டாம் பூச்சை அதே கனத்தில் அப்பி, மீண்டும் ஈரங்காக்கவும். கடைசிப் பூச்சுக்கு 3 மி.மீ. போதும், அதையும் ஈரங்காக்கவும். அது வலுவேறி உலர்ந்த பிறகே பெயிண்ட்.”

எனக்கு உறுத்தவில்லை. உங்களுக்கு எங்கே இடறுகிறது என்று சொல்லுங்கள்.

இன்னும் முடிவாகாதது, ஒட்டின் ஓரத்தைப் பழைய சுவரோடு கண்ணுக்குத் தெரியாமல் மெலிதாக்கிச் சேர்க்கும் வேலைக்கான சொல். ‘ஓரம் மெலித்தல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். ‘இழைத்தல்’ என்று யாரும் சொல்லிவிட வேண்டாம், தேய்ப்பதற்கு அதை ஏற்கெனவே செலவழித்துவிட்டோம்.