மறு: பழைய டிவித் திரையின் ‘கேட்டராக்ட்’: தமிழில் என்ன சொல்லலாம்?

குழுவினருக்கு வணக்கம். பழைய டிவித் திரை ஓரத்திலிருந்து வெளுத்து மங்கும் கோளாறுக்கு நம் சொற்பட்டியலில் என்ன தமிழ்ச்சொல் வைப்பது என்ற இழை நீண்டுவிட்டதால் எல்லாருக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

> அமெரிக்காவில் பழைய டிவி சேகரிப்பவர்கள் ‘கேட்டராக்ட்’ என்கிறார்கள். நாமும் ‘கண்புரை’ என்றே வைத்துவிடலாமே?

வைக்கலாம் தம்பி. ஆனால் இணையத்தில் அந்தச் சொல்லைத் தேடுகிறவருக்குக் கண் மருத்துவமனைகள்தான் வந்து நிற்கும். அது சின்னச் சிக்கல். பெரிய சிக்கல் வேறு: கோளாறு எங்கே இருக்கிறது என்பதை அந்தச் சொல் சொல்லாது. அதற்கு முன், இந்தக் கோளாறு என்னவென்று தெரியாதவர்களும் குழுவில் இருக்கிறார்கள் என்பதால் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன்.

பழைய டிவியில் படம் தெரியும் பெரிய கண்ணாடிக் குழாய்தான் படக்குழாய். அதற்குள் வெற்றிடம். வெளியே காற்று ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரையும் ஏறத்தாழ ஒரு கிலோ எடையால் அழுத்துகிறது. அமெரிக்காவின் 21 அங்குல வட்டக் கலர் குழாயை எடுத்துக்கொண்டால், முகப்பின் மேல் மட்டும் சுமார் இரண்டு டன் ஏறி நிற்கிறது என்று பொருள். குழாய் உடைந்தால் சில்லு வீட்டார் மேல் தெறிக்கக்கூடாது என்று முன்னால் ஒரு காப்புக் கண்ணாடி வைத்தார்கள். முதலில் அது பெட்டியோடு சேர்ந்த தனிக் கண்ணாடி. இரண்டுக்கும் நடுவே தூசி போய் உட்கார்ந்துகொள்ளும். துடைக்க வேண்டுமென்றால் கண்ணாடியைக் கழற்றியாக வேண்டும். பிறகு, 1950களின் இறுதியிலிருந்து, காப்புக் கண்ணாடியைக் குழாயின் முகத்திலேயே தெளிவான பிசின் ஊற்றி ஒட்டத் தொடங்கினார்கள். தூசிக்கு இடமில்லை, பிரதிபலிப்பும் குறைவு. வட்டக் கலர் குழாய்களில் 21எஃப்பிபி22 என்ற மாடல் பழைய முறை, 21எஃப்ஜேபி22 என்ற மாடல் ஒட்டிய முறை.

அந்தப் பிசின்தான் இப்போது வில்லன். பல ஆண்டுகளில் விளிம்பு வழியே ஈரம் உள்ளே கசிய, பிசின் பழுத்துக் கண்ணாடியை விட்டுப் பிரிகிறது. ஓரத்தில் திட்டுத் திட்டாக வெளுத்து, நடுவை நோக்கிப் படர்கிறது. குழாய் நன்றாகவே இருக்கும். படமும் நன்றாகவே வரும். பார்க்கிறவருக்கு மட்டும் அழுக்குத் தண்ணீருக்குள் பார்ப்பதுபோல் இருக்கும்.

நம்மூர் மெக்கானிக்குகளிடம் இதற்குப் பெயர் இருக்குமா என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். இருக்க வாய்ப்பில்லை. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் வந்ததே 1975-ல். அதற்குள் ஒட்டுக் கண்ணாடியைக் கைவிட்டு, குழாயின் விளிம்பைச் சுற்றி இரும்புப் பட்டையை இறுக்கிக் கட்டும் முறை பரவலாகிவிட்டது. ஷட்டர் வைத்த நம் மரப்பெட்டி டிவிகளைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பட்டையும், பெட்டியில் திருகி மாட்ட அதிலிருக்கும் நான்கு காதுகளும் நினைவிருக்கும். ஒட்டே இல்லாத இடத்தில் ஒட்டு எப்படிக் கெடும்? (கறுப்பு-வெள்ளை டிவிக்கு முன்னால் நீலமும் பச்சையுமாகச் சாயமிட்ட பிளாஸ்டிக் தகட்டை மாட்டிக் ‘கலர் டிவி’ பார்த்தோமே, அது மங்கிப்போவது வேறு கதை. அதைக் கழற்றித் தூக்கிப் போட்டால் போதும்.)

இனி உங்கள் சொற்கள்.

> திரைப்பூஞ்சை

கூடாது. பார்க்கப் பூஞ்சை போலத்தான் இருக்கும். ஆனால் அங்கே எதுவும் முளைக்கவில்லை. இந்தப் பெயரைப் படிக்கிறவர் பிளீச்சிங் பவுடரோடு வருவார், கண்ணாடியின் வெளிப்புறத்தை நாளெல்லாம் தேய்ப்பார்.

> படக்குழாய்ப் புரை

இது இன்னும் ஆபத்து. கோளாறு குழாயில் என்று நினைத்து நல்ல குழாயையே கழித்துவிடுவார்கள். வட்டக் கலர் குழாய்களை இன்று எந்தத் தொழிற்சாலையும் செய்வதில்லை. போனால் போனதுதான்.

> அடுக்குப் பிரிவு. பிளைவுட் துறையில் புழங்குகிற சொல்தானே?

சரியான சொல், ஐயா. ஆனால் பொதுச்சொல். பிளைவுட் பிரிவதும் அதுதான், சர்க்யூட் போர்டு பிரிவதும் அதுதான். அதை அந்தப் பொதுப்பொருளுக்கே வைத்துக்கொண்டு, இதற்குத் தனிச்சொல் தேடலாம்.

என் பரிந்துரை: பசைப்புரை.

கோளாறு எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லின் முதல் பாதியே சொல்லிவிடுகிறது. கைவைக்க வேண்டியது பசையில்தான், குழாயிலும் இல்லை, கண்ணாடியிலும் இல்லை. இரண்டாம் பாதியில் கண்புரையின் வெண்படலமும் வருகிறது, ‘புரையோடிய புண்’ என்னும்போது வருகிற உள்ளழுகலும் வருகிறது. ஓரத்தில் தொடங்கி உள்ளே பரவும் ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமாகக் கிடைக்காது. ‘பிசின்’ தானே துல்லியம் என்று யாராவது கேட்பீர்கள். ‘பிசின்புரை’ என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், விட்டுவிடுவீர்கள். சாப்பிடும்போது புரையேறுவதையும் தயிருக்கு ஊற்றும் புரைமோரையும் இதோடு யாரும் குழப்பிக்கொள்ள மாட்டார்கள் என்று நம்புகிறேன்.

வேலைக்கும் சொல் வேண்டுமே: புரை நீக்கம். குழாயின் உயர் மின்னழுத்த முனையில் தேங்கிய மின்சாரத்தை முதலில் தரைக்கு இறக்குகிறார்கள். கலர் குழாய்க்கு 25,000 வோல்ட் வரை போகும். செட்டை அணைத்த பின்னும் குழாய் அதைத் தேக்கி வைத்திருக்கும். பிறகு குழாயை வெளியே எடுத்து, விளிம்பு நாடாவை உரித்து, பிசின் இளகும் வரை சூடேற்றுகிறார்கள். சிலர் வெந்நீர்த் தொட்டியில், சிலர் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால், சிலர் மின்சாரம் பாய்ச்சினால் சூடேறும் நிக்ரோம் கம்பியையே குழாய்க்கும் காப்புக் கண்ணாடிக்கும் இடையில் இழுத்து. எந்த வழியானாலும் சூடு மெதுவாக ஏற வேண்டும், மெதுவாக இறங்க வேண்டும். அவசரப்பட்டால் விரிசல், விரிசல் விழுந்தால் மேலே சொன்ன இரண்டு டன் தன் வேலையைக் காட்டும். குழாயின் கழுத்துதான் மிக மெலிந்த இடம், அதைப் பிடித்துத் தூக்கவே கூடாது. முகக்கவசமும் தடித்த கையுறையும் இல்லாமல் யாரும் தொடுவதில்லை.

பசையைச் சுரண்டி எடுத்த பின் காப்புக் கண்ணாடியைத் திரும்பப் பொருத்தியே ஆக வேண்டும் என்பதைச் சொல்விளக்கத்திலேயே சேர்க்க விரும்புகிறேன். இவ்வகைக் குழாய்களுக்கு இரும்புப் பட்டை கிடையாது, கண்ணாடிதான் காவல். ‘படம் தெளிவாகிவிட்டதே, அது எதற்கு’ என்று விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். விளிம்பில் மட்டும் இருபக்கமும் ஒட்டும் நாடாவோ சிலிக்கோனோ வைத்து ஒட்டினால் போதும்.

> ‘ரிஸ்டோரேஷன்’ = புதுப்பித்தல்?

எனக்கு ஒப்பவில்லை. ‘புதுப்பி’ என்று சொன்னால் தச்சர் டிவிப் பெட்டியின் மேல் ஒட்டிய மரத்தோலை (வெனீர்) உப்புத்தாளால் தேய்த்து மரத்தைப் புதுசாக்கிவிடுவார். அந்த வெனீர் மிக மெல்லியது, இரண்டு இழுப்பில் அடிப்பலகை தெரிந்துவிடும். ‘மீட்டமைப்பு’ என்று சொல்லிப் பாருங்கள். முதலில் எப்படி இருந்தது என்று பார்க்கத் தோன்றும்: மறைவான மூலையில் ஒரு சொட்டு ஸ்பிரிட் விட்டு, பூச்சு கரைந்தால் அரக்கு பாலிஷ், அதற்கு அசையாமல் தின்னருக்குக் கரைந்தால் நைட்ரோசெல்லுலோஸ் பூச்சு என்று தெரிந்துகொண்டு, அதே பூச்சையே திரும்பக் கொடுப்பார்.

‘கேபினெட்’டுக்குப் ‘பேழை’ என்று ஒருவர் எழுதியிருந்தார். மன்னிக்கவும், அதில் ஓலைச்சுவடி வைக்கத்தான் தோன்றுகிறது. ‘பெட்டி’ போதும், ஊரே டிவிப் பெட்டி என்றுதான் சொல்கிறது.

பசைப்புரை, புரை நீக்கம், மீட்டமைப்பு மூன்றுக்கும் மறுப்பு இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் எழுதுங்கள், பட்டியலில் ஏற்றிவிடலாம். வெற்றிடக் குழாய் உள்நோக்கி நொறுங்குவதற்கு ‘உள்வெடிப்பு’ என்று இருக்கிறது. வெடிப்பு என்பது வெளியே போவதுதானே, ‘உட்குலைவு’ ஆகாதா என்று ஒரு கட்சி இருக்கிறது. அதைத் தனி இழையில் பேசுவோம், இங்கே கலக்க வேண்டாம்.

அன்புடன்.