பனிநாட்டு வீட்டுக்குள் கறிவேப்பிலைக் கன்று: ஊட்டியதும் வெட்டியதும்

ஸ்காபரோ

கனடாவின் ஸ்காபரோவில் நான் வளர்த்த முதல் இரண்டு கறிவேப்பிலைக் கன்றுகளும் பசியால் சாகவில்லை. நான் ஊட்டியதால் செத்தன. இப்போது புதிதாகக் கன்று வாங்கியிருப்பவர்களுக்கு அது நேரக்கூடாது என்பதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

முதலாவது, நண்பர் ஒருவர் தன் மரத்தின் வேரடியில் முளைத்ததைப் பிரித்துத் தந்தது. ஒரு சாண் உயரம். செப்டெம்பரில் வீட்டுக்குள் எடுத்து யன்னலோரம் வைத்தேன். டிசம்பர் கடைசியில் கீழ் இலைகள் மஞ்சளாகி ஒவ்வொன்றாக உதிர்ந்தன. ஊரில் அம்மா கிணற்றடிக் கறிவேப்பிலைக்குப் புளித்த மோரும் அரிசி கழுவிய தண்ணீரும் ஊற்றுவார். மரம் கரும்பச்சையாய்ச் செழித்து நிற்கும். நானும் மோர் ஊற்றினேன். அது போதாதென்று கடையில் வாங்கிய நீர்ப்பசளையைப் போத்தலில் போட்டிருந்த முழு அளவில் வாரம் ஒருமுறை கொடுத்தேன். அறையெங்கும் புளித்த வாடை. மண்ணிலிருந்து சின்னச் சின்னக் கறுப்பு ஈக்கள் எழும்பின. பெப்ரவரியில் சாடியைக் கவிழ்த்துப் பார்த்தபோது வேர்கள் பழுப்பாகியிருந்தன; விரலால் இழுத்ததும் தோல் கழன்று வந்தது. அடுத்த ஆண்டுக் கன்றுக்கு மோர் ஊற்றவில்லை, பசளையை மட்டும் நிறுத்தவில்லை. அதுவும் போயிற்று.

கறிவேப்பிலை எலுமிச்சைக் குடும்பத்து மரம், வெப்பத்தில் பிறந்தது. வெளிச்சம் குறைந்து, யன்னலோரம் குளிர்ந்தால் அது உறங்கப் போகிறது. இலையுதிர்வது அந்த உறக்கத்தின் அடையாளம். உறங்கும் வேர் பசளையை எடுப்பதில்லை. எடுக்காத பசளை உப்பு சாடி மண்ணிலேயே தங்கி, வேருக்குள் நீர் புகவிடாமல் தடுக்கிறது. இலை நுனிகள் கருகுகின்றன. அதைப் பார்த்துப் பசி என்று எண்ணி இன்னும் ஊட்டுகிறோம். கிணற்றடி மண்ணில் மழை வந்து எல்லாவற்றையும் கழுவிக்கொண்டு போகும். எட்டு அங்குலச் சாடியில் உப்புக்கு வேறு போக்கிடம் இல்லை. அம்மாவின் மோர் அம்மாவின் மண்ணுக்குச் சரியானது.

மூன்றாவது கன்றுக்கு நவம்பர் முதல் மார்ச் நடுப்பகுதி வரை ஒரு துளிப் பசளை கொடுக்கவில்லை. விரலை இரண்டு அங்குலம் மண்ணுக்குள் விட்டு, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர். பாதி இலை கொட்டியது. நெஞ்சு அடித்துக்கொண்டது, ஆனாலும் பொறுத்திருந்தேன். மார்ச்சில் உச்சியில் தளிர் விட்டது.

அடுத்த பயம் கத்தரிக்கோல். மூன்றடி உயரத்துக்கு ஒற்றைக் குச்சியாக வளர்ந்து, உச்சியில் மட்டும் ஏழெட்டு ஈர்க்கு (சிற்றிலைகள் வரிசையாக நிற்கும் காம்பு). சொதிக்கு இரண்டு இலை தேவையென்றால் ஈர்க்கை விட்டுவிட்டு இலையை மட்டும் கிள்ளிக்கொண்டிருந்தேன். அது பெரிய பிழை. வெற்றீர்க்கு மறுபடி இலை விடாது. முழு ஈர்க்காக எடுக்க வேண்டும். உச்சியை வெட்டினால்தான் பக்கக் கணுக்கள் விழிக்கும் என்று தெரிந்தும் இரண்டு வாரம் கை வரவில்லை. ஏப்ரலில் ஒரு நாள், கத்தரிக்கோலை ஸ்பிரிட்டால் துடைத்து, ஒரு கணுவுக்குச் சற்று மேலே வெட்டினேன். மூன்று வாரம் எந்த அசைவும் இல்லை. பிறகு வெட்டுக்குக் கீழே இரண்டு பச்சைப் புள்ளிகள். அவற்றைப் பார்த்த காலையில் நான் வேலைக்குத் தாமதமாகப் போனேன்.

எட்மண்டன்

ஸ்காபரோ நண்பரே, உங்கள் அனுபவத்தில் ஒன்றை மட்டும் மறுக்க வேண்டியிருக்கிறது. குளிர்காலத்தில் பசளையே கூடாது என்பது யன்னலோரச் செடிக்குப் பொருந்தும். விளக்கின் கீழ் வளரும் செடிக்குப் பொருந்தாது. எங்கள் ஊரில் டிசம்பரில் பகல் ஏழரை மணி நேரந்தான். அதனால் எல்இடி விளக்கை ஓரடி உயரத்தில் தொங்கவிட்டு, நாளுக்கு 14 மணி நேரம் எரிய விடுகிறேன். அறை 22 பாகைக்குக் கீழே இறங்குவதில்லை. செடி உறங்குவதே இல்லை, ஜனவரியிலும் தளிர்க்கிறது. தளிர்க்கும் செடிக்குச் சோறு வேண்டும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, போத்தலில் சொன்ன அளவில் பாதி. மாதம் ஒருமுறை வெறும் தண்ணீரை அடித்துளை வழியே தாராளமாக ஓடவிட்டு உப்பைக் கழுவுகிறேன்.

மஞ்சளைப் பார்த்ததும் ஒரே மருந்துக்கு ஓட வேண்டாம். கீழ் முதிர்ந்த இலை முழுதும் வெளிறினால் தழைச்சத்துக் குறைவாக இருக்கலாம். இளந்தளிர் வெளிறி, நரம்பு மட்டும் பச்சையாக நின்றால் அது இரும்புச்சத்துக் குறைவு. எங்கள் குழாய்நீர் கடினமானது. மண் மெல்லக் காரமாகி, உள்ளே இருக்கிற இரும்பையே வேர் எடுக்க முடியாமல் செய்துவிடுகிறது. தழைச்சத்தை அள்ளிக் கொட்டினாலும் அந்த வெளிறல் போகாது. கொடுக்கிணைப்பு இரும்பு (chelated iron, வேர் எளிதில் எடுக்கக்கூடிய வடிவம்) கொடுத்த பிறகு வந்த தளிர்கள்தான் பச்சையாக வந்தன.

ஹீட்டர் காற்றில் செஞ்சிலந்தி என்ற சாறுறிஞ்சும் சிற்றுயிர் வரும். இலையடியில் மெல்லிய நூல் தெரிந்தால் அன்றைக்கே குளியலறைக்குக் கொண்டுபோய் இலையின் அடிப்பக்கத்தைக் கழுவுங்கள்.

மிசிசாகா

நான் சென்னைக்காரி. நீங்கள் சாடி என்பதை எங்கள் வீட்டில் தொட்டி என்போம், பசளையை உரம் என்போம். செடி மட்டும் ஒன்றுதான்.

என் கன்றைக் காப்பாற்றியது உரமும் இல்லை, விளக்கும் இல்லை. தொட்டியைக் குளிர்ந்த ஓட்டுத் தரையிலிருந்து ஒரு மரப்பலகை மேல் தூக்கி வைத்தேன், அவ்வளவே. காற்று இருபது பாகை இருந்தாலும், தரையோடு ஒட்டிய வேர் குளிர்ந்துதான் கிடந்தது.

மே மாதப் பிற்பகுதியில் வரும் விக்டோரியா தினம் கழிந்ததும் வெளியே வைக்கிற அவசரத்தில் ஒரே நாளில் நல்ல வெயிலில் வைத்துவிட்டேன். வீட்டுக்குள் விட்ட இளம் இலைகள் எல்லாம் வெளுத்துப் பொசுங்கிவிட்டன. இப்போது முதல் வாரம் நிழல், அடுத்த வாரம் காலை வெயில் மட்டும். கோடையில் வந்த பூங்கொத்தையும் கிள்ளிவிட்டேன். இரண்டு வயதுச் செடி காய்க்க வேண்டாம், இலை விடட்டும்.

ஸ்காபரோ

எட்மண்டன் நண்பர் சொன்னது நியாயம். என் செடிக்கு இப்போது நான்கு கிளைகள். ஒவ்வொன்றும் ஐந்து ஈர்க்கு விட்டதும் நுனி கிள்ளுகிறேன். வேரடியில் முளைத்த கன்று ஒன்றும் இருக்கிறது. அதைப் பிரித்து, வரும் குளிர்காலத்தில் விளக்கின் கீழ் வைத்து, அரை அளவுப் பசளையோடு வளர்த்துப் பார்க்கப்போகிறேன். தாய்ச்செடி யன்னலோரமே உறங்கட்டும். ஏப்ரலில் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.