தினமும் அதே 20 பாட்டு: ராக் குழுக்கள் செட்லிஸ்ட்டை (மேடையில் வாசிக்கிற பாட்டுப் பட்டியலை) மாற்ற வேண்டுமா?

பின்வரிசை:

பதினாறு வயதிலிருந்து எனக்குப் பிடித்த ஒரு குழு. பெயர் வேண்டாம். ஒரே அரங்கில் அடுத்தடுத்து இரண்டு இரவு வாசித்தார்கள், இரண்டுக்கும் போனேன். முதல் இரவு கத்திய கத்தலில் தொண்டை கட்டிக்கொண்டது. ஏழாவது பாட்டுக்கு முன்னால் பாடகர் கிடாரைக் கழற்றி வைத்துவிட்டு, தன் அப்பாவைப் பற்றி ஒரு சின்னக் கதை சொன்னார். நடுவில் அவருக்குக் குரல் தழுதழுத்தது. நான் அழுதுவிட்டேன்.

மறுநாள் அதே 20 பாட்டு, அதே வரிசை. அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஏழாவது பாட்டுக்கு முன்னால் அவர் கிடாரைக் கழற்றியபோது வயிற்றை என்னவோ செய்தது. அதே கதை. அதே சொல் வந்ததும் அதே தழுதழுப்பு. சுற்றி நின்றவர்கள் கண் கலங்கினார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அதனால்தான் கேட்கிறேன். நூற்றுக்கணக்கில் பாட்டு வைத்திருக்கிற குழு, ஒரு வருஷ டூர் முழுக்க அதே 20 பாட்டை வாசிப்பது சரியா? என்னைக் கேட்டால் சரியில்லை. மேடையில் நிற்பவர்கள் அன்றைய இரவை வாசிக்க வேண்டும், நேற்றைய இரவை அல்ல.


விளக்குமேடை:

உங்கள் வருத்தம் புரிகிறது. நான் ஒன்பது வருஷமாக டூர்களில் லைட்டிங் பார்க்கிறவன். எங்கள் பக்கத்தையும் கேளுங்கள்.

உங்களுக்கு நான்கு நிமிடப் பாட்டு, எனக்கு அது எண்பது நூறு கியூ, அதாவது விளக்குகளுக்கான கட்டளைகள். எந்த நொடியில் எந்த விளக்கு எரிய வேண்டும், என்ன நிறம், எந்தப் பக்கம் திரும்ப வேண்டும் என்று விளக்குகளை இயக்குகிற கன்சோலில் எழுதி முடிக்க ஒரு பாட்டுக்கு அரை நாள் போய்விடும். டிரம்மரின் காதில் தாளத்தை எண்ணிக் காட்டும் கிளிக் டிராக் ஓடுகிறது. அதோடு சேர்ந்து, பாட்டு எந்த நொடியில் இருக்கிறது என்று கருவிகளுக்குச் சொல்லும் டைம்கோட் ஓடுகிறது. அதைப் பிடித்துக்கொண்டுதான் விளக்கும் திரை வீடியோவும் நகர்கின்றன. தீப்பிழம்புக்கு மட்டும் ஒருவர் கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்துவார். அந்த நொடி அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும், மேடையில் நடக்கிற பாடகருக்கும் தெரிந்திருக்க வேண்டும். இது உயிர் சம்பந்தப்பட்ட விஷயம்.

அப்புறம் கிடார்கள். ஒரு பாட்டுக்குச் சாதாரண ட்யூனிங், அடுத்ததற்கு அரை ஸ்வரம் கீழே, அதற்கடுத்ததற்கு ஆறாவது தந்தியை மட்டும் தளர்த்தி வைக்க வேண்டும். கிடாரை மாற்றிக் கொடுப்பதற்கென்றே மேடை ஓரத்தில் ஒருவர் நிற்கிறார். பாடகரின் தொண்டையையும் பாருங்கள். உச்ச ஸ்தாயியில் கத்த வேண்டிய இரண்டு பாட்டை அடுத்தடுத்து வைத்து வாரத்துக்கு நான்கு இரவு பாடினால் எத்தனை வாரம் தாங்கும்? வரிசையை மாற்றச் சொல்வது சுலபம். அந்த வரிசையில்தான் இத்தனையும் அடங்கியிருக்கிறது.

பிங்க் ஃபிளாய்ட் குழு 1980, 81இல் ‘தி வால்’ ஆல்பத்தை மேடையில் நடத்தியபோது, பாட்டு போகப் போக அவர்களுக்கும் கூட்டத்துக்கும் நடுவே ஒரு பெரிய சுவர் எழும்பியது. முதல் பாதி முடிவதற்குள் குழுவையே மறைத்துவிட்டது. கடைசியில் இடிந்து விழுந்தது. அதில் நான்காவது பாட்டை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடச் சொல்வீர்களா?


தந்தி ஆறு:

‘தி வால்’ ஒரு நாடகம் மாதிரி, அதை மாற்றச் சொல்லி யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் எல்லாக் குழுவும் சுவரா கட்டுகிறது?

கிரேட்ஃபுல் டெட் என்ற அமெரிக்கக் குழு 1965 முதல் 1995 வரை சுமார் 2,300 நிகழ்ச்சிகள் வாசித்தார்கள். அடுத்து எந்தப் பாட்டு என்று பல சமயம் அவர்களே மேடையில்தான் முடிவு செய்தார்கள். ரசிகர்கள் ஒலிப்பதிவு செய்துகொள்ளலாம் என்று விட்டார்கள். 1984இல் மைக்கோடு வருகிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கினார்கள். அந்த நாடாக்களைப் பிரதி எடுத்து ஆளுக்கு ஆள் அனுப்பிக்கொண்டது ஒரு பெரிய கூட்டம். 1977 மே மாதம் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வாசித்த ஒரே ஒரு இரவைப் பற்றி இன்னமும் பேசுகிறார்கள். தினமும் ஒரே மாதிரி வாசித்திருந்தால் எந்த இரவுக்கும் தனி முகம் இருந்திருக்காது.

பேர்ல் ஜாம் குழு இன்னொரு வழியில் போனார்கள். தினமும் பட்டியல் மாறும். 2000ஆம் ஆண்டு டூரில் ஏறக்குறைய எல்லா இரவையும் தனித்தனி ஆல்பமாகவே வெளியிட்டார்கள், எழுபதுக்கும் மேல். ஃபிஷ் குழு 2017இல் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் 13 இரவு வாசித்தார்கள். மொத்தம் 237 பாட்டு, ஒன்றுகூடத் திரும்ப வரவில்லை. அந்த எண்ணை நினைத்தாலே எனக்கு மெய் சிலிர்க்கிறது.


முதல்முறை:

இவ்வளவு விவரம் தெரிந்தவர்கள் நடுவில் எழுதத் தயக்கமாக இருக்கிறது. ஆனாலும் சொல்கிறேன்.

நான் வாழ்க்கையில் ஒரே ஒரு ராக் நிகழ்ச்சிதான் நேரில் பார்த்திருக்கிறேன். அண்ணனும் நானும் பதினொரு வருஷம் காத்திருந்து போனோம். ஒரு பாட்டு இருக்கிறது. அம்மா ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில், ஒரே இயர்போனை ஆளுக்கொரு காதில் வைத்துக்கொண்டு நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டே இருந்தது. அதற்காகத்தான் போனோம். அந்தக் குழு தினமும் பட்டியலை மாற்றுவதில் பெருமைப்படுகிற குழு. அன்றைக்கு அந்தப் பாட்டை விட்டுவிட்டார்கள். அதற்குப் பதில் இருபது வருஷமாக மேடையில் வாசிக்காத ஏதோ ஒன்றை வாசித்தார்கள். முன்னால் நின்றவர்கள் துள்ளிக் குதித்தார்கள். அண்ணன் என்னைப் பார்த்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. அடுத்த ஊரில் அதை வாசித்தார்கள் என்று மறுநாள் தெரிந்தது.

பலமுறை பார்க்கிறவர்களுக்கு அலுப்பு வருகிறது என்கிறீர்கள். அந்த அரங்கில் என்னைப் போல ஒருமுறை மட்டும் வருகிறவர்கள்தானே அதிகம்?


பின்வரிசை:

முதல்முறை, உங்கள் பதிவைப் படித்துவிட்டுச் சிறிது நேரம் எதுவும் எழுதத் தோன்றவில்லை. உங்களுக்கு நடந்தது அநியாயம். ஆனால் நான் கேட்பது அதுவல்ல. எல்லோரும் எதிர்பார்க்கிற ஏழெட்டுப் பாட்டைத் தொடவே வேண்டாம். மீதியை மாற்றலாமே?

விளக்குமேடை, வீடியோவும் விளக்கும் பெரிதாக இருந்தால் மாற்ற முடியாது என்பதை என்னால் முழுதாக ஏற்க முடியவில்லை. மெட்டாலிகா 2023இல் தொடங்கிய எம்72 டூரைப் பாருங்கள். மைதானத்தின் நடுவே வட்ட மேடை, பிரம்மாண்டமான திரைகள். ஒரே ஊரில் இரண்டு இரவு, முதல் நாள் வாசித்த ஒரு பாட்டும் இரண்டாம் நாள் கிடையாது என்று முன்கூட்டியே அறிவித்துத்தான் டிக்கெட் விற்றார்கள். யு2 குழு லாஸ் வேகஸின் ஸ்ஃபியர் அரங்கில் 40 நிகழ்ச்சி செய்தார்களே, அதைவிடப் பெரிய திரையா? அங்கேயும் நடுவில் ஒரு பகுதியை எளிமையாக வைத்துக்கொண்டு, அதில் பாட்டுகளை மாற்றிக்கொண்டே இருந்தார்கள். மனம் இருந்தால் வழி இருக்கிறது.


விளக்குமேடை:

அவர்கள் அளவுக்கு ஆளும் ஒத்திகை நாளும் கிடைத்தால் நானும் செய்வேன். நடுத்தரக் குழுக்களுக்கு அது கிடைப்பதில்லை.

ஆனால் நான் கேட்க வந்தது வேறு. 2023இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் டூர் கிளம்பியபோது பழைய ரசிகர்களுக்கு ஏமாற்றம். ரசிகர்கள் அட்டையில் எழுதிக் காட்டுகிற பாட்டை அங்கேயே எடுத்து வாசித்த மனிதர் அவர். 2012இல் ஹெல்சிங்கியில் நான்கு மணி நேரத்துக்கும் மேல் வாசித்தவர். அவரே பட்டியலை ஏறக்குறைய மாற்றாமல் ஊர் ஊராகப் போனார். காரணம் இருந்தது. பதின்ம வயதில் சேர்ந்த முதல் குழுவில் இப்போது உயிரோடு இருப்பது தான் ஒருவர்தான் என்பதை மேடையில் சொல்லி, அதைச் சுற்றித்தான் அந்த இரவையே கட்டியிருந்தார். முதுமை, இழப்பு, மிச்சமிருக்கிற நாட்கள். வரிசையைக் கலைத்தால் அந்தக் கதை கலைந்துவிடும்.

அவரும் இரவுக்கு இரவு, அந்த முதல் குழுவில் இருந்து இறந்துபோன அதே நண்பரைப் பற்றித்தான் பேசினார். அது பொய்யா, பின்வரிசை?


பின்வரிசை:

நேற்று முழுக்க இதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பொய் இல்லை. இறந்துபோனவரைப் பற்றி எத்தனை முறை சொன்னாலும் அது உண்மைதான். வீட்டில் நாமும் ஒரே கதையைத்தான் திரும்பத் திரும்பச் சொல்கிறோம். அப்படியானால் என்னை அன்று காயப்படுத்தியது பட்டியல் அல்ல என்றுதான் நினைக்கிறேன். குரல் தழுதழுத்ததுகூட ஒத்திகை பார்த்ததாக இருந்ததுதான் வலித்தது. அல்லது எனக்கு அப்படித் தெரிந்தது. அந்தப் பாடகருக்கு நான் அநியாயம் செய்திருக்கலாம். அந்தச் சொல்லில்தான் அவருக்கு ஒவ்வொரு முறையும் உடைகிறதோ என்னவோ.

ஆனாலும் கேள்வி போகவில்லை. பாட்டு மாறாதபோது, வாசிக்கிறவர் உள்ளே என்ன நடக்கிறது?


இரட்டை பெடல்:

அதற்கு நான் பதில் சொல்லலாம். சின்னக் குழு ஒன்றில் டிரம்ஸ் வாசிக்கிறேன். நாங்களே வேன் ஓட்டி, நாங்களே சாமான் இறக்குகிற ரகம்.

டூரில் முதல் வாரம் தப்பில்லாமல் முடிக்கிற கவலைதான். பத்தாவது இரவு வாக்கில் எண்ணுவது நின்றுவிடும். இருபதாவது இரவில் பாஸ் வாசிக்கிறவன் எந்த இடத்தில் மூச்சு இழுக்கிறான் என்பதுகூடக் கேட்கும். பட்டியல் மாறாமல் இருந்தால்தான் இந்த இடத்துக்கு வர முடியும். தினமும் மாற்றச் சொல்கிறவர்களுக்கு இந்தச் சுகம் தெரிவதில்லை.

அதற்கப்புறம் ஒரு பள்ளம் வரும். போன டூரில் ஒரு இரவு, மூன்றாவது பாட்டை முடித்துவிட்டோமா, இனிமேல்தானா என்று எனக்கே தெரியவில்லை. கை வாசித்துக்கொண்டிருக்கிறது, நான் எங்கேயோ இருக்கிறேன். கூட்டம் கைதட்டியது. எனக்குப் பயமாக இருந்தது.

அன்றிரவே பேசி, இனி தினமும் இரண்டு பாட்டு புதிது என்று முடிவெடுத்தோம். மறுநாள் முதல் புதுப் பாட்டு நடுவிலேயே சரிந்தது. கிடார் கோரஸுக்குப் போய்விட்டது, பாஸ் இரண்டாவது சரணத்தில் நிற்கிறது. நிறுத்திவிட்டு, மன்னிப்புக் கேட்டு, முதலிலிருந்து தொடங்கினோம். நான் சொல்ல வந்தது அதற்கடுத்து நடந்ததை. அடுத்த பாட்டு ஐம்பது முறை வாசித்துத் தேய்ந்த பாட்டு. அதை அன்று வாசித்த மாதிரி அந்த டூரில் வேறு எந்த நாளும் வாசிக்கவில்லை. நான்கு பேருக்கும் காது விழித்துக்கொண்டது. மாற்றின பாட்டைவிட, மாற்றாத பாட்டுக்குத்தான் அந்த மாற்றம் உயிர் கொடுத்தது.


விளக்குமேடை:

இருநூறு பேர் முன்னால் நிறுத்திவிட்டுத் தொடங்கலாம். ஒரு மைதானமே நிறைந்திருக்கும்போது முடியுமா? இத்தனை மணிக்குள் முடிக்க வேண்டும் என்ற கட்டுப்பாடு வேறு இருக்கிறது. 2012இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஸ்பிரிங்ஸ்டீனும் பால் மெக்கார்ட்னியும் சேர்ந்து பாடி முடித்த கையோடு, நேரம் தாண்டியது என்று மைக்கையே அணைத்துவிட்டார்கள். அவர்களுக்கே அப்படி.


முதல்முறை:

விளக்குமேடை அண்ணா, ஒரு ரசிகையாகச் சொல்கிறேன். நான் போன நிகழ்ச்சியில் ஒரு பாட்டு அப்படி நின்றுபோய்த் திரும்பத் தொடங்கியிருந்தால், இன்றைக்கும் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருப்பேன்.

இரட்டை பெடல் சொன்ன பிறகு என் எண்ணம் கொஞ்சம் அசைந்திருக்கிறது. பட்டியல் மாறக் கூடாது என்று இனி சொல்லமாட்டேன். அந்த ஏழெட்டுப் பாட்டு மட்டும் எப்போதும் இருக்கட்டும்.


தந்தி ஆறு:

அந்த ஏழெட்டு எது என்று யார் முடிவு செய்வது? உங்கள் பாட்டு அந்த ஏழில் இல்லாமல் போயிருக்கலாம். அயர்ன் மெய்டன் 2006இல் புது ஆல்பத்தை முழுக்க மேடையில் வாசித்தார்கள். பழைய பாட்டுக்காக வந்தவர்கள் பலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியதே அதனால்தான். கலைஞன் எல்லோருக்கும் பயந்துகொண்டிருந்தால் அவனிடமிருந்து புதிதாக எதுவும் வராது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆனால் ஒன்று. சொன்ன சொல்லைக் காப்பாற்ற வேண்டும். 2025 மார்ச்சில் டொமினிகன் குடியரசில் நடந்த விழாவில் டூல் குழு இரண்டு இரவும் வெவ்வேறு பட்டியல் வாசிக்கும் என்று விளம்பரம் செய்திருந்தார்கள். இரண்டாம் இரவில் முதல் நாள் பாட்டுகள் சில திரும்ப வந்தன. கூட்டம் கூச்சல் போட்டது. மாற்றுவோம், மாற்றமாட்டோம், எதுவானாலும் டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிடுங்கள்.


விளக்குமேடை:

இதைச் சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருஷத்தில் எனக்கு நன்றாக நினைவிருக்கும் இரவுகள் இரண்டு மூன்றுதான். அவற்றில் ஒன்று, டைம்கோட் கணினி பாதியில் நின்றுபோன இரவு. கடைசி ஆறு பாட்டையும் பாட்டைக் கேட்டுக் கேட்டுக் கையால் ஓட்டினேன். தப்புகள் நடந்தன. முடிந்ததும் பாடகர் கன்சோல் வரைக்கும் நடந்து வந்து என் கையைப் பிடித்தார்.

அடுத்த டூர் வேலை போன வாரம் தொடங்கியது. கியூ எழுத எனக்குப் பத்து நாள் கொடுத்திருக்கிறார்கள். பட்டியலில் 20 பாட்டு, சரியாகப் போய்விடும். குழுவிடம் இன்னும் நான்கு பாட்டு கேட்டிருக்கிறேன். அவற்றுக்கு டைம்கோட் கிடையாது, வெறும் நிறங்கள் மட்டும் போட்டு வைத்துவிட்டு, இரவுக்கு ஒன்றைக் கையால் ஓட்டப் போகிறேன்.


பின்வரிசை:

அந்த நான்கும் எவை என்று இங்கே சொல்லிவிடாதீர்கள்.