துண்டுக்குள் ஒரு விரல் எவ்வளவு?

பேரேடு:
நேற்று இங்கே ஒருவர் எழுதியதைப் படித்ததிலிருந்து எரிச்சல் அடங்கவில்லை. மொழி தானாக முளைப்பதாம், மனிதர்கள் புதிதாக ஒன்றை உண்டாக்கவே முடியாதாம். எங்கள் ஐயா, அப்பச்சியைப் பெற்ற தாத்தா, மாட்டுச் சந்தையில் வாயைத் திறக்காமல் விலை முடிப்பார். தரகர் கையும் அவர் கையும் ஈரிழைத் துண்டுக்குள் இருக்கும். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று. ஐந்தையும் பிடித்துவிட்டு மறுபடி ஒன்றைப் பிடித்தால் ஆறு. சுற்றி நிற்பவனுக்குத் துண்டு அசைவதுதான் தெரியும். இதை யார் முளைக்க வைத்தது, மழையா?

பள்ளத்தூரான்:
அந்த ஒருவர் அடியேன்தான். ஒரு விரல் என்றால் எவ்வளவு அண்ணே? நூறா, ஆயிரமா?

பேரேடு:
மாட்டைப் பார்த்தால் தெரியாதா தம்பி? உழவு மாட்டை நூறு ரூபாய்க்கு எவன் கொடுப்பான்?

பள்ளத்தூரான்:
அப்படியானால் விலையைச் சொல்வது மாடு. விரல் இல்லை.

ஆத்தங்குடிக்கல்:
மாட்டை விடுங்கள். நிகராகுவாவின் மனாகுவா நகரில் 1977இல் காதுகேளாத பிள்ளைகளுக்குப் பள்ளி திறந்தார்கள். ஆசிரியர்கள் உதட்டசைவைப் படிக்கக் கற்பித்துச் சலித்தார்கள். பிள்ளைகளோ விளையாடும் இடத்திலும் பஸ்ஸிலும் அவரவர் வீட்டுச் சைகைகளைக் கலந்து தனியாக ஒன்றை வளர்த்துவிட்டார்கள். 1986இல் ஜூடி கெகல் என்ற மொழியியலாளர் போய்ப் பார்த்தார். பின்னால் வந்து சேர்ந்த பொடிசுகள்தான் இலக்கணத்தை இறுக்கியவர்கள். யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைச் சைகை காட்டும் திசையிலேயே சொல்லிவிடுவார்கள்.

பள்ளத்தூரான்:
நன்றி. யாரும் திட்டம் போடவில்லை, தானாக முளைத்தது. என் கட்சிக்கு நீங்களே சாட்சி.

பேரேடு:
பிள்ளைகள் மனிதர்கள் இல்லையா? போன மாதம் இசைகுடிமான விவகாரத்திலும், அதான் நம் நகரத்தார் கல்யாண ஒப்பந்த ஓலை பற்றிய பேச்சிலும், இப்படித்தான், அடுத்தவர் சொன்னதைத் தன் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டீர். லூயி பிரெய்ல் 1824இல், 15 வயதில், ஆறு புள்ளியை வைத்து எழுத்து முறையையே அமைத்தார். அதுவும் மழைக்கு முளைத்ததா?

பள்ளத்தூரான்:
அது எழுத்து. இசைகுடிமானத்தை இழுக்காதீர்கள், அதில் தோற்றது யார் என்று ஊருக்கே தெரியும். ஒரு விரல் எவ்வளவு?

பேரேடு:
ஊருக்குத் தெரியுமா? எந்த ஊருக்கு? நன்னூலில் குழூஉக்குறி என்று ஒன்று இருக்கிறது, படித்ததுண்டா? பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள். வெளியாள் காதில் விழுந்தாலும் விளங்கக் கூடாதென்று ஒரு கூட்டம் கூடி வைத்துக்கொண்ட சொல். கடல் கடந்து கொண்டுவிற்கப் போன நம்மவர்கள் சிங்கப்பூர் மார்க்கெட் தெருவில் கிட்டங்கி போட்டு, கடையும் தங்குமிடமும் ஒன்றாக, உட்கார்ந்தார்களே, 'கிட்டங்கி' என்ற சொல்லை இன்றைக்கு எத்தனை பேருக்குத் தெரியும்?

தேவகோட்டை வாத்தியார்:
கிட்டங்கி மலாய்ச் சொல். 'குடாங்' என்பதிலிருந்து வந்தது.

பேரேடு:
வாத்தியாரே, தமிழில் கிடங்கு இருக்கும்போது மலாயில் ஏன் தேடுகிறீர்? நாம் கொடுத்ததை அவர்களிடம் கடன் வாங்கியதாகச் சொல்வது வட்டிக்கடைக்காரன் பேரனுக்கு அழகா?

தேவகோட்டை வாத்தியார்:
நான் வட்டிக்கடைக்காரன் பேரன் இல்லை. எங்கள் வீட்டில் கொடுத்ததும் இல்லை, வாங்கியதும் இல்லை.

ஆத்தங்குடிக்கல்:
நிகராகுவாவைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை...

பள்ளத்தூரான்:
கிட்டங்கி கிடக்கட்டும். மூன்றாவது முறை கேட்கிறேன். ஒரு விரல்?

பேரேடு:
பேசும் இருவருக்கும் தெரிந்தால் போதும், உமக்கு எதற்கு? அதற்குத்தானே துண்டு!

பள்ளத்தூரான்:
அண்ணனுக்கே தெரியாது என்று குறித்துக்கொள்கிறேன்.

பேரேடு:
குறியும். அடுத்த சந்தைக்கு வாரும், துண்டோடு வருகிறேன்.

பள்ளத்தூரான்:
வருகிறேன். துண்டு என்னுடையது, உங்களுடையதில் ஓட்டை இருக்கும்.

தேவகோட்டை வாத்தியார்:
கிடங்கு என்றால் பள்ளம், அகழி என்றும் பொருள் உண்டு. அதைப் பற்றி நாளை விரிவாக எழுதுகிறேன்.