புதுப்பிப்பு: சபா மேடையில் ஃபிளாஷ் இல்லாமல் பரதநாட்டியப் படங்கள் – சரியாகிவிட்டது

அக்கா மகளின் நாட்டிய நிகழ்ச்சியை ஃபிளாஷ் இல்லாமல் எடுத்தால் முகம் வெளுத்துப்போகிறது, கை கால் கலங்குகிறது என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஞாயிற்றுக்கிழமை மறுபடி எடுத்தேன்.

முகம் வெளுத்ததற்குக் காரணம் பின்னால் இருந்த கறுப்புத் திரை. கேமரா அதையும் சேர்த்து அளந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடுகிறது. ஸ்பாட் மீட்டரில் (ஒரு சின்ன இடத்தின் வெளிச்சத்தை மட்டும் அளக்கும் முறை) முகத்தை மட்டும் அளந்து மேனுவலில் (அளவுகளை நாமே வைப்பது) வைக்கச் சொன்ன யோசனைதான் பலித்தது. 85 மி.மீ. லென்ஸ், எஃப் 2 (லென்ஸ் திறப்பு), ஐஎஸ்ஓ (கேமராவின் ஒளி உணர்திறன்) 3200, ஷட்டர் 1/320 நொடி.

எதிர்பாராதது ஒன்று: சைலன்ட் ஷட்டரில் (சத்தமே வராத மின்னணு ஷட்டர்) படம் முழுக்கப் பட்டை பட்டையாக விழுந்தது. எல்இடி விளக்குதான் காரணம். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதனால் சில விளக்குகள் நொடிக்கு 100 முறை மினுக்குகின்றன, கண்ணுக்குத் தெரியாது. மெக்கானிக்கல் ஷட்டருக்கு மாறி 1/100 வைத்ததும் பட்டை போய்விட்டது. ஐஎஸ்ஓவும் 1000-க்கு இறங்கியது.

ஆனால் 1/100-ல் வேகமான அடவு (நாட்டியத்தின் அடிப்படை அசைவு) கலங்கும். இங்கேதான் "நட்டுவாங்கத்தைக் (தாளம் தட்டி, ஜதி சொல்லி ஆட்டத்தை நடத்துவது) கேளுங்கள்" என்று ஒரு அம்மா எழுதியது கைகொடுத்தது. தீர்மானம் (தாளக்கோவையை முடித்துவைக்கும் ஆட்டப் பகுதி) முடிந்து, பாதம் தட்டி, உடம்பு அப்படியே நிற்கும் நொடி ஒன்று உண்டு. தாளத்தை எண்ணிக்கொண்டே இருந்து அந்த இடத்தில் அழுத்தினேன். கண் மை வரை தெளிவாக விழுந்தது, அவ்வளவு சந்தோஷம்!

அப்புறம், மெக்கானிக்கல் ஷட்டர் சத்தம் போடும். அதனால் பதத்தின்போது (அபிநயத்துக்கான மெதுவான பாடல்) கேமராவைத் தொடவில்லை, ஜதிகளில் (தாளச் சொற்கட்டுக்கு ஆடும் பகுதி) மட்டும் எடுத்தேன்.